இரண்டாவது ஊசிக்குப் பிறகு

நடவு வரிசை கோணலாக இருக்கிறதென்று முருகையனைத் திட்டியபோதுதான் என் கண்ணில் கோளாறு இருப்பது தெரிந்தது.

போன புரட்டாசியில், சீர்காழிக்குக் கிழக்கே இருக்கிற எங்கள் ஊரில் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. முருகையன் எங்கள் தெருக்காரர், நடவு மெஷினும் டிராக்டரும் வைத்திருப்பவர். எங்கள் வயலில் பாதி நட்டு முடித்திருந்தார். நான் வரப்பில் நின்று பார்த்தேன். நேராகப் போன வரிசைகள் நடுவில் ஓரிடத்தில் இடுப்பொடிந்தாற்போல் வளைந்து, அப்புறம் மறுபடி நேராகப் போயின.

"என்ன தம்பி, தூங்கிக்கிட்டே ஓட்டுனீங்களா? நடுவுல பாருங்க, எப்படி வளைஞ்சு கிடக்குன்னு."

அவர் மெஷினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். "எங்கக்கா?"

கையை நீட்டிக் காட்டினேன். காட்டிய இடத்தில்தான் வளைவு இருந்தது. பக்கத்து வரிசையைப் பார்த்தேன், வளைவு அங்கே வந்துவிட்டது. கரண்டு கம்பத்தைப் பார்த்தேன். கம்பமும் நடுவில் வளைந்து நின்றது.

"அக்கா, கயிறு கட்டி நட்ட மாதிரி இருக்கு. உங்களுக்குத்தான் என்னமோ பண்ணுது. உக்காருங்க முதல்ல" என்றார் முருகையன்.

வரப்பிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். வலது கண்ணால் பார்த்தால் எல்லாம் வளைந்தது. இடது கண்ணால் பார்த்தால் நடுவில் எதுவுமே இல்லை. சாம்பல் நிறத்தில் ஓர் அழுக்குத் திட்டு. அதைச் சுற்றி ஓரத்தில் மட்டும் வயலும் வானமும் தெரிந்தன. இடது கண் மங்கலாக இருப்பது எனக்கு முன்பே தெரியும். அறுபத்து மூன்று வயதாகிறது, புரை விழுந்திருக்கும், அறுப்பு முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் கெட்டதை மறைத்துவிடுகிறது. அதனால்தான் எவ்வளவு போய்விட்டது என்பதே எனக்குத் தெரியவில்லை.

சீர்காழியில் கண் டாக்டர் ஒருவர் பார்த்தார். "புரை கொஞ்சம்தான். பிரச்சினை பின்னாடி, விழித்திரையில. தஞ்சாவூர்ல அதுக்குன்னு இருக்கிற டாக்டரைப் பாருங்க. நாளைக்கே போங்க" என்றார். அறுப்புவரை தள்ளிப்போட முடியாதென்று அவர் சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

என் கணவர் ராஜேந்திரன் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் முழுக்கப் பேச்சுத் துணை தேடிக்கொள்ளும் மனுஷர். ஆனால் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் வாயடைத்துப்போகும். ஊசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எங்கள் மகள் கவிதா பிறந்தபோதுகூட அவர் ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடையில்தான் நின்றார். அவர்தான் என்னைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனார். கவிதா ஓசூரில் இருக்கிறாள். அங்கிருந்து போன் மேல் போன்.

அந்த ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் இடம் ஒரு நீளமான கூடம். சொட்டு மருந்து விட்ட கண்களை மூடிக்கொண்டு எல்லாரும் வரிசையாகச் சாய்ந்திருந்தோம். மருந்து கண் பாப்பாவை விரிக்கும், விரிந்தால்தான் உள்ளே பார்க்க முடியும் என்று சிஸ்டர் சொன்னார். விரிந்தபின் வாசல் வெளிச்சம் முகத்தில் அறைந்தது. பிறகு ஸ்கேன். முகவாயை ஒரு தாங்கியில் வைத்து, "உள்ள தெரியிற பச்சை வெளிச்சத்தையே பாருங்கம்மா, கண்ணை ஆட்டாதீங்க" என்றார்கள். வலது கண்ணுக்குச் செய்தேன். இடது கண்ணுக்கு மாற்றினார்கள்.

"பச்சையைப் பாருங்கம்மா."

"எங்க இருக்கு?"

"நேரா நடுவுல இருக்கு பாருங்க."

நேராகப் பார்த்தால் அது காணாமல் போனது. வேறெங்காவது பார்த்தால் ஓரத்தில் எட்டிப் பார்த்தது. அதைத் துரத்தித் துரத்திக் கடைசியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஸ்கேன் எடுத்த பெண் என் தோளைத் தொட்டு, "பரவாயில்லம்மா, விடுங்க" என்றாள். அந்தப் பரவாயில்லைதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. அப்புறம் கையில் மஞ்சள் மருந்து ஏற்றிக் கண்ணுக்குள் படம் எடுத்தார்கள். சிறுநீர்கூட மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள்.

டாக்டரம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். நிதானமாகப் பேசினார். கண்ணின் பின்சுவரில் மெல்லிய சவ்வாக ஒட்டியிருப்பது விழித்திரை. அதன் நடுவில் சின்னதாக ஓர் இடம் இருக்கிறது. முகம் பார்ப்பது, எழுத்து படிப்பது, ஊசியில் நூல் கோப்பது எல்லாம் அந்த இடத்தின் வேலை. வயதாக ஆக அது சிலருக்குத் தேய்கிறது. மெதுவாகத் தேய்வது ஒரு வகை. அதற்கு உலர் வகை என்று பேர். இன்னொன்று ஈர வகை, அது வேகமாகப் போகும்.

"உங்களுக்கு ஈர வகை. அந்த இடத்துக்கு அடியில வரக்கூடாத ரத்தக்குழாய் முளைச்சு, நீர் கசியுது. அதனாலதான் கோடெல்லாம் வளையுது."

என் கணவர் அப்போதுதான் முதன்முதலாக வாயைத் திறந்தார். "வாய்க்கால் கரையில நண்டு வளை போட்டுக் கசியுமே, அந்த மாதிரிங்களா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்" என்றார் டாக்டரம்மா. "இடது கண்ணுல கசிஞ்சு கசிஞ்சு தழும்பாயிடுச்சு. அங்க போனதை என்னால திருப்பிக் கொண்டுவர முடியாது. வலது கண்ணைப் பிடிச்சு நிறுத்தணும்."

"இல்லன்னா முழுக் குருடாயிடுவேனா?"

"மாட்டீங்க. ஓரப் பார்வை இருக்கும், வீட்டுக்குள்ள நடப்பீங்க. ஆனா எதிர்ல நிக்கிறவங்க முகம் தெரியாது."

மருந்தைக் கண்ணுக்குள்ளேயே ஊசியாகப் போட வேண்டும், அதுவும் ஒருமுறையோடு முடியாது, மாதம் ஒன்று என்று ஆரம்பித்துப் போகப் போக இடைவெளியைக் கூட்டலாம் என்றார். கண்ணுக்குள் ஊசி என்றதும் என் கணவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

முதல் ஊசியை அந்த வாரமே போட்டார்கள். மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, கண்ணைச் சுற்றிப் பழுப்பு நிற மருந்தால் துடைத்து, முகத்தைத் துணியால் மூடி, இமைகள் சேராமல் ஒரு கம்பியை மாட்டினார்கள். "மேல பாருங்க" என்றார் டாக்டரம்மா. வெள்ளைவிழியில் ஏதோ அழுத்தியது. வலி என்று சொல்ல முடியாது. ஆனால் இமைக்க முடியாமல் படுத்திருப்பது வலியைவிட மோசம். முடிந்ததும் கண்ணுக்குள் கறுப்பாக இரண்டு குமிழி மிதந்தது. மறுநாள் அது கரைந்துவிட்டது. அந்த மாதக் கடைசியில் கரண்டு கம்பம் கொஞ்சம் நிமிர்ந்தது. எனக்கு தைரியம் வந்தது.

இரண்டாவது ஊசி ஐப்பசியில். ஊசி போட்டு அனுப்பும்போது சிஸ்டர் வழக்கம்போலச் சொன்னார்: "வலி, சிவப்பு, பார்வை மங்குறது. இதுல ஒண்ணு வந்தாலும் உடனே வந்துடணும். போன் பண்ணிக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கக் கூடாது." தலையாட்டிவிட்டு வந்தோம்.

அன்றைக்குப் பிடித்த மழை விடவில்லை. இரண்டு நாள் கண் நன்றாக இருந்தது. அதற்கடுத்த நாள் காலையில் எழுந்தபோது கண்ணுக்குள் மண் விழுந்தாற்போல் உறுத்தியது. அடுப்படிக்குப் போனேன். ஜன்னல் கம்பிகள் பாலுக்குப் பின்னால் இருப்பது போலத் தெரிந்தன. கழுவிப் பார்த்தேன். கண்ணாடியில் முகத்தைத் தேடிய இடத்தில் சிவப்பாக ஏதோ இருந்தது.

"என்னங்க, கொஞ்சம் வந்து கண்ணைப் பாருங்க."

அவர் வந்து பார்த்தார். வாசலுக்குப் போய் மழையைப் பார்த்துவிட்டு வந்தார். உப்பனாறு வழிந்து ரோட்டில் தண்ணீர் நின்றது. முதல் நாள் சாயங்காலமே பஸ் நிறுத்திவிட்டார்கள்.

"மத்தியானத்துக்குள்ள தண்ணி வடிஞ்சிரும். வடிஞ்சதும் போவோம். ராத்திரி தூக்கம் கெட்டதுல கூட செவந்திருக்கும்" என்றார்.

"எனக்கு இருக்கிறது இந்த ஒரு கண்ணுதாங்க."

அவ்வளவுதான் சொன்னேன். அவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினார். முட்டிவலிக்காரர், முழங்கால் தண்ணீரில் நடந்து போய், முருகையனையும் டிராக்டரையும் கூட்டிக்கொண்டு வந்தார். நான் அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினேன். "எதையும் சாப்பிடாம வாங்க, தண்ணிகூட வேணாம்" என்று சொன்னார்கள். சாப்பிடாமல் என்றால் ஆபரேஷன் என்று அர்த்தம். அதை அவரிடம் சொல்லவில்லை.

டிராக்டர் சக்கரத்தின் மேல்மூடியில் நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். எனக்கு மேலே முருகையன் உரச்சாக்குகளைத் தைத்த படுதாவைப் போட்டுவிட்டார். ரோடு எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. இரண்டு பக்கமும் நின்ற பனைமரங்களைக் கணக்கு வைத்து அவர் ஓட்டினார். பாலத்தருகே தண்ணீர் இழுத்தது. வண்டி ஒருமுறை பக்கவாட்டில் நகர்ந்தது. "கெட்டியாப் பிடிச்சுக்குங்கக்கா" என்று கத்தினார். நான் இரும்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டேன். விழுந்தால் விழட்டும், இன்னும் கொஞ்சம் பார்வை மங்குவதை மட்டும் பார்க்கக் கூடாது என்று தோன்றியது.

மெயின் ரோட்டில் ஒரு வாடகைக் கார் கிடைத்தது. மாயவரம் தாண்டினோம். வலி இப்போது கண்ணிலிருந்து நெற்றிக்கு ஏறியிருந்தது.

"விரலைக் காட்டுங்க" என்றேன்.

அவர் கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "எத்தனை?"

"மூணு."

"சரிதான்."

கும்பகோணம் வந்தது. மறுபடி காட்டச் சொன்னேன். கை ஒரு வெளுத்த துணிபோல ஆடியது. "ரெண்டு" என்றேன்.

"சரிதான்" என்றார்.

முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கேட்டு, ஸ்டாப் பேரைக் கூவிய குரல் அது. கூட்டத்தில் கடைசி சீட்டுக்குக் கேட்கும். அந்தக் குரல் பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் பொய் சொல்கிறார் என்று தெரிந்துகொண்டேன். அதற்கப்புறம் விரலைக் காட்டச் சொல்லவில்லை. தஞ்சாவூர் வரைக்கும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டரம்மா எங்களுக்காகவே இருந்தார். கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்து, மூடிய இமைமேல் இன்னொரு கருவியை மெல்ல வைத்துப் பார்த்து, நிமிர்ந்தார்.

"கண்ணுக்குள்ள கிருமி போயிருக்கு. எவ்வளவு சுத்தமாப் போட்டாலும் அபூர்வமா யாருக்காவது இப்படி ஆகுறதுண்டு. உள்ள இருக்கிற நீரைக் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பிட்டு, கிருமி சாகுறதுக்கு மருந்தை உள்ளயே செலுத்தப்போறேன். கேக்கலைன்னா ஆபரேஷன் பண்ணிக் கழுவ வேண்டியிருக்கும்."

"பார்வை வருமா?"

"இன்னிக்கு எனக்குத் தெரியாதும்மா. நீங்க நாளைக்கு வந்திருந்தா தெரியும்னு சொல்லியிருப்பேன். நல்ல பதிலா இருந்திருக்காது."

சம்மதக் கையெழுத்துக்கு என் கணவரைக் கூப்பிட்டார்கள். கையெழுத்துப் போட்டார். பேனாவை சிஸ்டரிடம் கொடுத்தார். அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது பின்னால், "ஐயாவுக்குச் சர்க்கரை போட்டு டீ கொண்டாங்க" என்று யாரோ சொல்வது கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே போனேன், கொஞ்ச நேரம்தான்.

வீக்கமான கண்ணில் ஊசி இறங்கியது வலித்தது. இதை மறைத்துச் சொல்வதில் பிரயோஜனமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டேன். தலையை ஆட்டக் கூடாது என்பது ஒன்றுதான் ஞாபகத்தில் இருந்தது.

என்னை வார்டில் சேர்த்தார்கள். மணிக்கொரு தரம் சொட்டு மருந்து. எழுப்பி எழுப்பி விட்டார்கள். வலது கண்ணில் வெளிச்சம் இருக்கிறது, இல்லை, அவ்வளவுதான் தெரிந்தது. இடது கண்ணிலோ நடுவில் திட்டு. என் கணவர் கட்டிலுக்கு எதிரே நின்று பேசுவார். அவர் குரல் வரும் இடத்தைப் பார்த்தால் அவர் இருக்கமாட்டார். சட்டையின் ஓரம் தெரியும், கழுத்துக்கு மேலே ஒன்றும் இராது. டாக்டரம்மா சொன்னது இதைத்தான் என்று அப்போது விளங்கியது.

அவர் இதைக் கவனித்திருக்கிறார். இரண்டாம் நாள் சாப்பாடு ஊட்டும்போது, "எங்க நின்னா தெரியுது உனக்கு?" என்று கேட்டார்.

"நேரா நின்னா தெரியல."

ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கொஞ்சம் இடப்பக்கம் போனார். "இப்ப?"

"இன்னும் தள்ளி."

"இப்ப?"

"மூக்கு தெரியுது."

"மூக்கு போதும்" என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்து ரசஞ்சாதத்தை ஊட்டினார். அதற்கப்புறம் எந்த வேலையாக வந்தாலும் அந்த இடத்துக்கு வந்துதான் பேசினார்.

ஒவ்வொரு நாள் காலையும் டாக்டரம்மா வந்து கண்முன்னால் கையை அசைப்பார். "தெரியுதா?" முதல் நாள் தெரியவில்லை. மறுநாளும் தெரியவில்லை. "நாளைக்குப் பாத்துட்டு ஆபரேஷனை முடிவு பண்ணலாம்" என்றார். அவர் வருவதற்கு முன்பே நான் என் கையை முகத்துக்கு முன்னால் ஆட்டி ஆட்டிப் பார்ப்பேன். தெரிந்தாற்போலவும் இருக்கும். கை என்னுடையது என்பதால் அப்படித் தோன்றுகிறதோ என்றும் இருக்கும்.

கவிதா ஓசூரிலிருந்து ரயிலேறி வந்தாள். வந்ததும் அப்பாவிடம்தான் பாய்ந்தாள். "காலையில ஆறு மணிக்கே கண்ணு செவந்திருக்கு. மழையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்களாப்பா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "முழங்கால் தண்ணியில நடந்து போய் டிராக்டர் கூட்டிட்டு வந்தவரை நிக்க வச்சுக் கேள்வி கேக்காத. அவருக்கு முதல்ல ஒரு காபி வாங்கிக் கொடு." அவள் வாங்கி வந்தாள். இரண்டு பேரும் வெளியே போய்ப் பேசினார்கள். செலவைப் பற்றித்தான் இருக்கும். காப்பீட்டில் கொஞ்சம்தான் கிடைக்கும் என்று பின்னால் தெரிந்தது. என் காதில் விழாமல் பேசினார்கள், நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை டாக்டரம்மா கையை அசைத்தார்.

"மேலயும் கீழயும் போகுது" என்றேன்.

"இப்ப?"

"இப்ப பக்கவாட்டுல."

கவிதா என் காலைப் பிடித்துக்கொண்டாள். "மருந்து கேக்குது. ஆபரேஷனை ஒத்திப்போடலாம்" என்றார் டாக்டரம்மா. அன்றைக்குச் சாயங்காலம் மின்விசிறி சுற்றுவது தெரிந்தது. கலங்கல் மேலிருந்து கீழாக வடிந்தது. சில நாள் கழித்து எழுத்துப் பலகையின் முதல் பெரிய எழுத்தை வாசித்தேன். கடைசியாக வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கதை இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். சில வாரம் கழித்து ஸ்கேன் எடுத்தார்கள். கிருமி போய்விட்டது, ஆனால் பழைய நீர்க்கசிவு மறுபடி தொடங்கியிருந்தது. ஊசியைத் தொடர வேண்டும் என்றார் டாக்டரம்மா. அதே கண்ணில்.

"என்னால முடியாது. இன்னொரு தடவை அந்த டேபிள்ல படுக்கமாட்டேன்."

"உங்க பயம் நியாயம்தான். போடலைன்னா இடது கண்ணு மாதிரி ஆகும், அது நிச்சயம். போட்டா மறுபடி கிருமி வராதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. வர்றதுக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மி. ஆனா ரொம்ப நாள் யோசிக்காதீங்க."

வீட்டுக்கு வந்தும் முடியாது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கணவர் கட்டாயப்படுத்தவில்லை. அவருக்கும் பயம். கவிதா லீவு போட்டு வந்து இருந்தாள். ஒரு மத்தியானம் அவள் எனக்கு எதிரே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே ஆபீஸ் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு என்னவோ தோன்றி வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தேன். ஒரு தோடு தெரிந்தது. சடையின் நுனி தெரிந்தது. நடுவில் சாம்பல் திட்டு பேசியது, சிரித்தது. இனி எப்போதும் இப்படித்தான் என்றால் எப்படி இருக்கும் என்று கையை எடுக்காமலே இருந்து பார்த்தேன். அவள் சிரிக்கும்போது கண்ணைச் சுருக்குவாள். சுருக்குகிறாள் என்று எனக்குத் தெரியும், ஆனால் பார்க்க முடியவில்லை.

கையை எடுத்தேன். ஒரு பக்கக் கன்னம் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் என் மகள் அங்கே இருந்தாள்.

"என்னம்மா அப்படிப் பாக்குற?"

"டாக்டருக்குப் போன் போடு" என்றேன்.

அந்த ஊசிக்கு அப்புறம் வந்த நாட்களை நான் விவரிக்கப்போவதில்லை. தினமும் விடிந்ததும் கண்ணைத் திறக்கப் பயந்து படுத்திருப்பேன். ஒன்றும் ஆகவில்லை. அடுத்ததற்கும் ஒன்றும் ஆகவில்லை. இப்போது இடைவெளியைக் கூட்டியிருக்கிறார்கள். போனில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிறேன். நான் ஓட்டிக்கொண்டிருந்த மொபெட்டை விற்றுவிட்டோம். வயலுக்கு அவரோடு நடந்து போகிறேன். கோடுகள் இன்னும் லேசாக வளைகின்றன, வளைந்துகொண்டேதான் இருக்குமாம். உங்களுக்கு ஐம்பது தாண்டியிருந்தால், இரண்டு கண்ணையும் நம்பி இருக்காமல் அவ்வப்போது ஒன்றை மூடிவிட்டு ஜன்னல் கம்பியையோ கதவு நிலையையோ பாருங்கள். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

போன முறை தஞ்சாவூர் போயிருந்தபோது, காத்திருக்கும் கூடத்தில் என் பக்கத்தில் பூம்புகார்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத்தான் அவருக்கு வியாதியின் பேரைச் சொல்லியிருந்தார்கள். புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். எந்தக் கண்ணில் ஊசி என்று காட்ட என் நெற்றியில் ஒட்டியிருந்த அடையாளத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"கண்ணுக்குள்ளயேவா போடுவாங்க?"

"ஆமாம்."

"உங்களுக்கு எல்லாம் நல்லபடியா ஆச்சா?"

"ஒரு தடவை ஆகல. அப்புறம் சரியாச்சு."

அவர் என் முகத்தையே பார்த்தார். "அப்புறமும் வர்றீங்களே. பயம் போயிடுச்சா?"

"இல்லங்க. இப்பவும் கை நடுங்குது பாருங்க" என்று என் கையை அவர் மடியில் வைத்தேன். அவர் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு எழுந்து போனேன்.